முதல் அடி ஆறு அங்குலம்: சிறுவர் அமெரிக்கன் ஃபுட்பாலில் ஓர் எளிய உள் ஓட்டம்

இலையுதிர் காலத்துச் சனிக்கிழமை காலையில் டெக்சாஸில் எந்த ஊர்ப் பூங்காவுக்குப் போனாலும் இந்தக் காட்சி கிடைக்கும். தோளைவிட அகலமான கவசமும் கழுத்தை அமுக்கும் ஹெல்மெட்டும் போட்ட எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள், பதினொரு பேருக்குப் பதினொரு பேராக எதிரெதிரே குனிந்து நிற்பார்கள். யாரோ கத்துவான். எல்லோரும் ஒரே நேரத்தில் மோதுவார்கள். ஒரு குவியல், ஒரு விசில். குவியலைப் பிரித்துப் பார்த்தால் அடியில் ஒருவன் பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு கிடப்பான். இவ்வளவுக்கும் நகர்ந்தது மூன்று யார்டு. மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து ஃபிளாஸ்க் காபி குடிக்கும் நம் ஊர்ப் பெற்றோர், “சும்மா முட்டிக்கிறாங்க, இதுல என்ன விளையாட்டு இருக்கு?” என்று கேட்பார்கள். என் மகன் சேர்ந்த முதல் சீசன் முழுக்க நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது சீசனில் பயிற்சியாளர்களுக்கு ஆள் பஞ்சம். வந்திருந்த அப்பாக்கள் எல்லோருக்கும், பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குக்குச் சொல்லிக்கொடுக்கவே ஆசை. முன்வரிசையில் நின்று மோதும் ஐந்து பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்க யாரும் வரவில்லை. கல்லூரியில் கபடி ஆடியதைத் தவிர வேறெந்தத் தகுதியும் இல்லாத என் தலையில் அந்த ஐந்து பேரைக் கட்டினார்கள். அதுதான் நல்லதாய்ப் போயிற்று. அந்த மூன்று யார்டு எங்கிருந்து வருகிறது என்று அடியிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அதை இங்கே எழுதிவைக்கிறேன். பிள்ளையை இந்த விளையாட்டில் சேர்த்திருப்பவர்களுக்கும், தொலைக்காட்சியில் பார்த்துக் குழம்புகிறவர்களுக்கும், என்னைப்போல் திடீரென்று கையில் விசில் கொடுக்கப்பட்டவர்களுக்கும் உதவலாம்.

முதலில் கணக்கு. பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. ஒவ்வொன்றையும் டவுன் என்பார்கள். அந்த நான்குக்குள் பத்து யார்டு முன்னேறிவிட்டால் புதிதாக நான்கு டவுன் கிடைக்கும். முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். பத்தை நான்கால் வகுத்துப் பாருங்கள்: இரண்டரை. அதாவது ஒவ்வொரு முறையும் மூன்றே மூன்று யார்டு தள்ளிக்கொண்டு போகும் அணியிடமிருந்து பந்தைப் பிடுங்கவே முடியாது. அந்தக் குவியலுக்குப் பின்னால் இருப்பது இந்த வகுத்தல்தான்.

இந்த விதி ஒரு சலிப்பிலிருந்து பிறந்தது. 1881-இல் யேல், பிரின்ஸ்டன் கல்லூரி அணிகள் இரண்டும் மோதிய ஆட்டத்தில் ஒரு பாதி முழுக்க ஓர் அணியும், மறு பாதி முழுக்க மற்ற அணியும் பந்தை விடாமல் வைத்துக்கொண்டே காலத்தை ஓட்டின. முடிவு பூஜ்யத்துக்குப் பூஜ்யம். பார்க்க வந்தவர்கள் கொதித்துப்போனார்கள். அடுத்த ஆண்டே, யேலைச் சேர்ந்த வால்டர் கேம்பின் முயற்சியால், மூன்று டவுனில் ஐந்து யார்டு போயாக வேண்டும் என்ற விதி வந்தது. 1906-இல் ஐந்து பத்தாயிற்று. 1912-இல் மூன்று டவுன் நான்காயிற்று. அன்றிலிருந்து கணக்கு மாறவில்லை.

பெரியவர்கள் இந்தப் பத்து யார்டை ஒரே எறிதலில் கடந்துவிடுவார்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது எளிதல்ல. கை சிறியது. எறிந்தாலும் பிடிக்க ஆள் வேண்டும். பிடிக்கிறவன் ஓடிப் போய்ச் சேரும்வரை எறிகிறவனைக் காப்பாற்ற முன்வரிசை தாங்க வேண்டும். மூன்றும் ஒருசேர நடப்பது அபூர்வம். அதனால் சிறுவர் ஆட்டத்தில் ஓட்டம்தான் சோறு, எறிதல் ஊறுகாய்.

ஓட்டத்தில் இரண்டு வகை. கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு ஓரமாக ஓடுவது ஒன்று. கூட்டத்துக்கு நடுவே பிளந்துகொண்டு போவது இன்னொன்று. இரண்டாவதுதான் உள் ஓட்டம். அதில் ஆக எளியது டைவ். குவார்ட்டர்பேக் பந்தை வாங்கித் திரும்பி, பின்னாலிருந்து ஓடி வருகிறவனிடம் கொடுக்கிறான். அவன் நேராக நடுவில் நுழைகிறான். தொடங்கி இரண்டு விநாடிக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துவிடுவோம். நடுவில் பந்தைத் தரையில் பிடித்திருப்பவன் சென்டர். அவனுக்கு இருபுறமும் இரண்டு கார்டு. அவர்களுக்கு வெளியே இரண்டு டாக்கிள். (ஆளைக் கட்டிப் பிடித்து வீழ்த்துவதற்கும் டாக்கிள் என்றுதான் பெயர், இந்தக் குழப்பத்துக்கு நான் பொறுப்பல்ல.) இந்த ஐந்து பேருக்கும் வெளியே பக்கத்துக்கு ஒருவராக ஓரத்து ஆட்கள். ஆட்டம் தொடங்கும் கணத்தில் பந்து வைத்திருக்கும் அணியில் குறைந்தது ஏழு பேர் முன்கோட்டில் நிற்க வேண்டும் என்பது பழைய விதி. சென்டருக்குப் பின்னால் குவார்ட்டர்பேக். அவனுக்குப் பின்னால் சுமார் நான்கு யார்டு தள்ளி ஃபுல்பேக். அவனுக்கும் பின்னால் ஹாஃப்பேக்.

இனி எண்கள். “32 டைவ்” என்று கோச் கத்துவதைக் கேட்டிருப்பீர்கள். முதல் இலக்கம் ஆளைச் சொல்கிறது, இரண்டாவது இலக்கம் எந்தச் சந்து என்று சொல்கிறது. எங்கள் அணியில் குவார்ட்டர்பேக் 1, ஹாஃப்பேக் 2, ஃபுல்பேக் 3. சந்துகளில் சென்டருக்கு வலப்புறம் இரட்டைப்படை, இடப்புறம் ஒற்றைப்படை. சென்டருக்கும் வலது கார்டுக்கும் நடுவே 2. வலது கார்டுக்கும் வலது டாக்கிளுக்கும் நடுவே 4. ஆக, 32 என்றால் ஃபுல்பேக் சென்டரின் வலது தோளை ஒட்டிப் போகிறான். நம் ஊர்ப் பேருந்துத் தடம் எண்போலத்தான், வண்டியில் எழுதியிருப்பதைப் படித்தால் எங்கே போகிறது என்று தெரிந்துவிடும்.

ஆனால் ஊருக்கு ஊர் தடம் எண் மாறும். இந்த விளையாட்டின் மிகப் புகழ்பெற்ற உள் ஓட்டமே அதற்குச் சாட்சி. 1967 டிசம்பர் 31, விஸ்கான்சினில் கிரீன் பே. குளிர் மைனஸ் 25 செல்சியஸ் அளவுக்குப் போன நாள். பேக்கர்ஸ் அணி டல்லஸ் கவ்பாய்ஸிடம் 17-14 என்று பின்தங்கியிருந்தது. ஆட்டம் முடிய 16 விநாடி. எதிரணியின் எல்லைக்கோட்டைத் தொட ஒரு யார்டுகூட இல்லை. தரை பனிக்கட்டியாக உறைந்திருந்ததால் அதற்கு முந்தைய இரண்டு ஓட்டத்திலும் பந்தை வாங்கியவன் வழுக்கினான். குவார்ட்டர்பேக் பார்ட் ஸ்டார் கடைசி டைம்அவுட்டை எடுத்து, பயிற்சியாளர் வின்ஸ் லொம்பார்டியிடம் பேசிவிட்டுத் திரும்பி வந்து “31 வெட்ஜ்” என்றார். எண்ணின்படி ஃபுல்பேக் சக் மெர்சீனுக்குப் பந்து போக வேண்டும். ஆனால் ஸ்டார் கொடுக்கவில்லை. தானே வைத்துக்கொண்டு வலது கார்டு ஜெர்ரி கிரேமருக்குப் பின்னால் விழுந்தார். பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியது, அதாவது டச்டவுன். 21-17. கவனியுங்கள், 31 என்று சொல்லிவிட்டு வலது பக்கம் போகிறார்கள். அந்த அணியின் கணக்கில் ஒற்றைப்படை வலப்பக்கம். எந்தக் கணக்கானாலும் சரி, அணியில் எல்லோருக்கும் ஒரே கணக்காக இருந்தால் போதும்.

அந்த ஆட்டத்தின் படத்தைப் பார்க்கிற யாருக்கும் கண்ணில் படுவது ஸ்டார்தான். எனக்குக் கிரேமரின் கால் படுகிறது. எல்லோரும் வழுக்கிய தரையில் அவருக்குப் பிடி கிடைத்தது. சென்டர் கென் போமனும் அவரும் சேர்ந்து எதிரே நின்ற ஒருவரை எழுப்பித் தள்ளினார்கள். சந்து பிறந்தது. நான் சொல்ல வந்ததும் அந்தக் காலைப் பற்றித்தான்.

டைவ் சரியாக வருவதும் வராததும் பந்து வைத்திருப்பவன் கையில் இல்லை. முன்வரிசையின் முதல் அடியில் இருக்கிறது. பந்து அசைந்ததும் ஐந்து பையன்களும் ஓர் அடி எடுத்து வைக்க வேண்டும். அது ஆறு அங்குலம், அதற்குமேல் கூடாது. போகவேண்டிய பக்கத்துக் கால் முதலில், முன்னோக்கி. இரண்டாவது அடி தரையைத் தொடும்போது எதிராளியின் மார்பில் இவன் இரண்டு கையும் பதிந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் பாடம். ஆனால் இதற்கு ஒரு மாதம் பிடிக்கும்.

ஏன் ஆறு அங்குலம்? பெரிய அடி வைத்தால் ஒரு கால் காற்றில் இருக்கும்போதே மோதல் நடந்துவிடும். ஒற்றைக் காலில் நிற்கிறவனை யார் வேண்டுமானாலும் தள்ளலாம். ஏறிவருகிறவன் பெரிய எட்டு வைக்கும் கணத்தில்தான் கபடியிலும் காலைப் பிடிப்போம். எனக்கு இது உடனே விளங்கியது. பையன்களுக்கு விளங்கவில்லை. இயல்பாக அவர்கள் செய்வது இரண்டு. ஒன்று, பாய்கிறார்கள். இல்லையென்றால் பின்னங்காலை இன்னும் பின்னால் ஊன்றி, ‘வேகம் எடுக்கிறேன்’ என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டாவதுதான் கெட்டது. இவன் பின்னால் ஓர் அடி வைக்கும் நேரத்தில் எதிராளி முன்னால் ஓர் அடி வந்துவிடுகிறான், மோதல் நம் வீட்டு வாசலுக்குள் நடக்கிறது.

விளக்கிச் சொல்லி எதுவும் நடக்கவில்லை. தரையில் ஒரு கயிறு போட்டேன். கயிற்றுக்கு இந்தப் பக்கம் கால், பந்து அசைந்ததும் அந்தப் பக்கம். அதோடு நிறுத்து. உறைந்து நில். சுற்றி வந்து ஒவ்வொருவன் காலையும் பார்ப்பேன். மறுபடி. பத்து முறை. பந்தில்லை, எதிராளியில்லை. அப்புறம் இரண்டாவது அடியைச் சேர்த்துக்கொண்டோம். அப்புறம் எதிரே ஒருவன் மெத்தையைப் பிடித்து நின்றான். தள்ளும்போது கால்கள் நெருங்கி ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் பிள்ளைகளுக்கு, இரண்டு காலுக்கும் நடுவே ஒரு நீளப் பலகையைப் போட்டு, அதை மிதிக்காமல் தள்ளிக்கொண்டு போகச் சொல்வது பழைய முறை. கால் தானாக அகலும்.

உயரமும் முக்கியம். தாழ்வாக இருப்பவன் வெல்வான் என்று எல்லாக் கோச்சும் சொல்வார்கள். “தாழ்வாக இரு” என்று சொன்னால் பிள்ளைகள் இடுப்பை மடித்துத் தலையைத் தொங்கப்போடுகிறார்கள். அது தவறு மட்டுமல்ல, ஆபத்தும்கூட. மடிய வேண்டியது முழங்கால். நாற்காலி இல்லாத இடத்தில் உட்காருவதுபோல் இடுப்பு இறங்க வேண்டும், முகம் நிமிர்ந்து எதிராளியைப் பார்க்க வேண்டும். ஒரு கையைத் தரையில் ஊன்றிக் குனியும் நிலையைத்தான் படங்களில் பார்த்திருப்பீர்கள். நாடு முழுக்கப் பரவிய பழைய சிறுவர் அமைப்பான பாப் வார்னர், தன் இளைய பிரிவுகளில் 2019 முதல் அதை விலக்கிவிட்டது. சின்னப் பிள்ளைகள் கையை ஊன்றாமல் நிமிர்ந்த தலையோடு தொடங்குவார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது. கை தரையில் இருந்தால் எட்டு வயதில் பாதிப் பேர் புல்லைத்தான் பார்க்கிறார்கள்.

சரி, அடி எடுத்து வைத்தாயிற்று. யாரைத் தள்ளுவது? டிஃபென்ஸ், அதாவது தடுக்கும் எதிரணி, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நிற்பதில்லை. “நீ 54-ஆம் எண் சட்டைக்காரனைத் தள்ளு” என்று சொல்லிக்கொடுத்தால், 54 இடம் மாறி நிற்கும்போது நம் பையன் அவனைத் தேடிக்கொண்டு போவான். அதனால் ஆளைக் காட்டாமல் மூன்று கேள்விகளைக் கொடுப்பார்கள். எனக்கும் சென்டருக்கும் நடுவில், உள்பக்கச் சந்தில், யாராவது நிற்கிறானா? நின்றால் அவனைத் தள்ளு. இல்லையென்றால், எனக்கு நேர் எதிரே யாராவது? இருந்தால் அவனை. அங்கேயும் இல்லையென்றால் நேராகப் பின்னால் போ, அங்கே எதிரணியின் இரண்டாவது வரிசைத் தடுப்பாளனான லைன்பேக்கர் நிற்பான், அவனைப் பிடி. பிள்ளைகள் இதைக் “கேப், ஆன், பேக்கர்” என்று வாய்ப்பாடாகச் சொல்வார்கள். என் மனதுக்குள் அது “உள்ளே, நேரே, பின்னே” என்று ஓடும்.

இதை வைத்து 32 டைவை ஒருமுறை ஓட்டிப் பார்ப்போம். எதிரணி ஐந்து பேரை முன்னால் நிறுத்தியிருக்கிறது: சென்டருக்கு நேர் எதிரே ஒருவன், நம் டாக்கிள்களுக்கு எதிரே இரண்டு பேர், ஓரங்களில் இரண்டு பேர். நம் கார்டுகளுக்கு நேர் பின்னால் மூன்று, நான்கு யார்டு தள்ளி இரண்டு லைன்பேக்கர்கள். வலது கார்டு கேட்கிறான்: உள்ளே யாரும் இல்லை, நேரே யாரும் இல்லை, சரி, பின்னே. வலது டாக்கிள் கேட்கிறான்: உள்ளே இல்லை, நேரே ஒருவன். அவனை அங்கேயே நிறுத்துகிறான். சென்டர் தன் எதிராளியோடு மோதுகிறான். இப்போது பாருங்கள், சென்டருக்கும் டாக்கிளுக்கும் நடுவே ஒரு தெரு திறந்திருக்கிறது, அந்தத் தெருவில் முன்னால் போகிறவன் வலது கார்டு, பின்னால் வருகிறவன் ஃபுல்பேக்.

சென்டருக்கு எதிரே நிற்கிற ஆள் பெரும்பாலும் அந்த அணியிலேயே பருமனானவனாக இருப்பான். அவனை இந்தப் பக்கம்தான் தள்ள வேண்டும் என்று சென்டரைக் கட்டாயப்படுத்துவதில் பயனில்லை. இடது பக்கம் தள்ளப் பார், அவன் வலது பக்கம்தான் போவேன் என்றால் அந்தப் பக்கமே கொண்டுபோய் விடு. அவன் முதுகைப் பார்த்து ஃபுல்பேக் மறுபக்கம் போய்விடுவான். போகிற மாட்டைப் போகிற பக்கமே ஓட்டுகிற வேலைதான் இது.

வரிசையில் ஒருவனுக்கும் அடுத்தவனுக்கும் எவ்வளவு இடைவெளி என்பதில் கோச்சுகளுக்குள் சண்டை உண்டு. பெரியவர்கள் இரண்டடி விடுவார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு நான் ஓர் அடிக்குமேல் விடுவதில்லை. அகல விட்டால் எதிரணியின் துடியான பையன் ஒருவன், நம் பையன் அடி எடுக்குமுன் சந்து வழியாகப் புகுந்து குவார்ட்டர்பேக்கையே பிடித்துவிடுகிறான். இடைவெளி குறைவாக இருந்தால் சந்தும் சிறியதாகத்தானே இருக்கும் என்று கேட்கலாம். நிற்கும்போது சந்து தேவையில்லை. அது தள்ளித் திறப்பது.

இவ்வளவு சொல்லிவிட்டு ஓர் உண்மையையும் சொல்லிவிட வேண்டும். இந்த வயதில் பாதி டைவ்கள் முன்வரிசைவரை போவதே இல்லை. சென்டர் தன் காலுக்கு நடுவே பந்தைப் பின்னால் கொடுப்பதிலேயே செத்துவிடும். அதற்கு ஸ்னாப் என்று பெயர். குவார்ட்டர்பேக் சென்டரின் இடுப்புக்குக் கீழே இரண்டு உள்ளங்கையின் அடிப்பகுதியையும் சேர்த்து வைத்து, மேல் கையால் அழுத்தம் கொடுக்க வேண்டும். அந்த அழுத்தம்தான் சென்டருக்கு இலக்கு. பந்து வந்து சேருமுன் குவார்ட்டர்பேக் திரும்பத் தொடங்கிவிடுவான், பந்து தரையில் உருளும், இருபத்திரண்டு பேரும் அதன்மேல் விழுவார்கள். மருந்து ஒன்றுதான்: ஒவ்வொரு பயிற்சியிலும் முதல் பத்து நிமிடம் ஸ்னாப். ஈரப் பந்தோடும் ஒரு நாள் செய்துபார்க்க வேண்டும், காலை ஆட்டங்களில் புல் எப்போதும் நனைந்திருக்கும். அலுப்பான வேலைதான், செய்யாத அணி அதன் விலையைச் சனிக்கிழமை கொடுக்கும்.

அடுத்தது கைமாற்றம். 32-இல் குவார்ட்டர்பேக் வலப்பக்கம் திரும்புகிறான், ஃபுல்பேக் அவனை ஒட்டிக் கடக்கிறான். ஃபுல்பேக்கின் கண்ணுக்குக் குவார்ட்டர்பேக் இடப்பக்கம் தெரிவான். ஆகவே அவனுடைய இடது முழங்கை மேலே, மார்புக்குக் குறுக்கே. வலது கை வயிற்றுக்குக் கீழே. நடுவில் ஒரு பை திறந்திருக்கும். குவார்ட்டர்பேக் பந்தை அந்தப் பைக்குள் வைக்கிறான். பை மூடிக்கொள்கிறது. கொடுப்பவன் பக்கத்து முழங்கை மேலே என்பதை மறந்து மாற்றிவைத்தால் பந்து முழங்கையில் பட்டுத் தெறிக்கும். அப்புறம் ஒன்று: வாங்குகிறவன் பந்தைப் பார்க்கக் கூடாது, பிடுங்கவும் கூடாது. அவன் கண் சென்டரின் எதிராளிமேல் இருக்க வேண்டும். பந்தைச் சேர்ப்பது முழுக்கக் குவார்ட்டர்பேக்கின் பொறுப்பு. பிள்ளைகளுக்கு இதை நம்ப வைப்பது கஷ்டம். மணமேடையில் தாலி வாங்குகிறவர்போல இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வருவார்கள்.

கொடுத்த பிறகு குவார்ட்டர்பேக் என்ன செய்ய வேண்டும்? பந்து இன்னும் தன்னிடம் இருப்பதுபோல் கையை இடுப்பில் மறைத்துக்கொண்டு ஓரமாக ஓட வேண்டும். அவனைத் துரத்தி ஒருவன் போனாலும் லாபம். நடைமுறையில் அவன் நின்று வேடிக்கை பார்ப்பான். ஒன்பது வயதில் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

இப்போது ஓடுகிறவன். சந்துக்குள் நுழையும்போது பந்தின் ஒரு முனை விரல்களுக்குள், மறுமுனை முழங்கை மடிப்பில், பக்கம் விலாவோடு ஒட்டி. கூட்டத்துக்குள் மற்றக் கையும் பந்தின்மேல். ஓட்டம் ஒரே நேர்கோடு. நின்று, ஆடி, வழி தேடக் கூடாது. தேடும் நேரத்தில் சந்து மூடிவிடும், அது ஒரு விநாடிக்குமேல் திறந்திருப்பதில்லை. வாய்க்கால் தண்ணீர் நின்று யோசிப்பதில்லை, பள்ளம் கண்ட பக்கம் சாய்கிறது. பையனுக்கும் அந்த அளவு முடிவுதான் அனுமதி: சென்டரின் எதிராளி எந்தப் பக்கம் சாய்ந்தான், அதற்கு மறுபக்கம், ஒரே ஒரு வெட்டு.

ஆனால் இங்கே பயம் என்று ஒன்று இருக்கிறது, அதைப் பேசாமல் இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்க முடியாது. முன்னால் பத்துப் பேர் முட்டிக்கொள்கிற இடத்துக்குள் ஓடு என்றால் எந்தப் பிள்ளையும் தயங்கும். வெளியே பார்த்தால் மைதானம் 53 யார்டு அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. கால் தானாக வெளியே திரும்பிவிடும். எட்டு வயதில் வேகமான பையன் அப்படித் திரும்பி ஓடி டச்டவுனும் போட்டுவிடுவான், அப்பா அம்மா கைதட்டுவார்கள், கோச்சும் சும்மா இருந்துவிடுவார். இது வட்டிக்கு வாங்கிய வெற்றி. பதினொரு, பன்னிரண்டு வயதில் எல்லோருக்கும் வேகம் வந்துவிடும், ஓரத்தில் ஆள் நிற்பான், உள்ளே ஓடத் தெரியாத பையன் கையைப் பிசைவான். பயத்தைத் திட்டிப் போக்க முடியாது. எதிராளியே இல்லாமல் வெறும் காற்றுக்கு எதிராக அந்தச் சந்து வழியே நூறு முறை ஓடவிட வேண்டும். அப்புறம் மெத்தைகளுக்கு நடுவே. அப்புறம் நடை வேகத்தில் ஆட்களோடு. ஆட்டத்தன்று அந்த வழி கால்களுக்குப் பழகியிருக்க வேண்டும்.

பயம் என்றதும் பாதுகாப்பு. உள் ஓட்டம்தான் இந்த விளையாட்டை ஒருகாலத்தில் கொல்லப் பார்த்தது. 1892-இல் ஹார்வர்ட் அணி யேலுக்கு எதிராக, தூரத்திலிருந்து ஓடி வந்து ஆப்பு வடிவத்தில் ஒன்றுசேர்ந்து மோதும் ‘பறக்கும் ஆப்பு’ முறையை இறக்கியது. இப்படிக் கூட்டமாக மோதும் முறைகள் பரவி, சாவுகள் நேர்ந்தன. 1905 அக்டோபரில் குடியரசுத் தலைவர் தியடோர் ரூசவெல்ட் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்கே கூப்பிட்டுப் பேச வேண்டிய அளவுக்குப் போயிற்று. மறு ஆண்டு பந்தை முன்னோக்கி எறிவது சட்டப்படி ஆனதற்கும், பத்து யார்டு விதி வந்ததற்கும் ஆட்டத்தை நெரிசலிலிருந்து விடுவிக்கும் நோக்கம்தான் பின்னணி.

இன்றைக்குச் சிறுவர் ஆட்டத்தில் கவனம் தலைமீது. பாப் வார்னர் 2012-இல், மூன்று யார்டுக்குமேல் தள்ளி நின்று நேருக்கு நேர் ஓடி வந்து மோதும் பயிற்சிகளைத் தடை செய்தது. 2016-இல் பயிற்சி நேரத்தில் கால் பங்குக்குமேல் மோதல் கூடாது என்று குறைத்தது. இளைய பிரிவுகளில், பந்தை உதைத்து ஆட்டத்தைத் தொடங்கும் கிக்ஆஃபையும் எடுத்துவிட்டது. தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தால் உடனே வெளியே எடுப்பது, மருத்துவ அனுமதி இல்லாமல் திரும்ப விடாதது என்ற சட்டம் வாஷிங்டன் மாநிலத்தில் 2009-இல் தொடங்கியது. பிறகு எல்லா மாநிலங்களிலும் ஏதோ ஒரு வடிவில் அப்படியொரு சட்டம் வந்துவிட்டது. என் சொந்தக் கருத்து: மோதலோடு ஆடப் பன்னிரண்டு வயதுவரை காத்திருந்தாலும் எதுவும் கெட்டுவிடாது. அதுவரை, இடுப்பில் தொங்கும் துணிக்கொடியைப் பிடுங்கும் ஃபிளாக் ஃபுட்பால் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் 2028 ஒலிம்பிக்கில் அதுவும் ஒரு போட்டி. இதை வைத்து வீட்டில் நடந்த விவாதத்தில் நான் தோற்றேன், அதனால்தான் மைதானத்தில் நிற்கிறேன்.

எங்கே நின்றாலும் சில விஷயங்களில் விட்டுக்கொடுக்கக் கூடாது. மோதுவது கையாலும் தோளாலும், ஹெல்மெட்டால் அல்ல. கண் எப்போதும் மேலே. பயிற்சியில் எடையும் துணிவும் ஒத்த இருவரைத்தான் எதிரெதிரே நிறுத்த வேண்டும். நாற்பது கிலோப் பையனை இருபத்தைந்து கிலோப் பையன்மேல் ஏவிவிட்டு “உறுதி வளரட்டும்” என்கிற ஆளிடம் பிள்ளையை விடாதீர்கள்.

தப்பு நடக்கும்போது எங்கே பார்ப்பது என்பதையும் சொல்கிறேன். டைவ் தோற்றுப்போனால் எல்லோரும் ஓடினவனைப் பார்ப்பார்கள். நீங்கள் வலது கார்டின் காலைப் பாருங்கள். ஆட்டத்தைப் பக்கவாட்டிலிருந்து எடுத்த வீடியோவில் இது தெரியாது, எல்லா உடம்பும் ஒன்றன்மேல் ஒன்றாக மறைத்துக்கொள்ளும். ஃபோனைக் கோல் பக்கம் கொண்டுபோய், கொஞ்சம் உயரத்திலிருந்து நீளவாக்கில் எடுக்கச் சொல்லுங்கள். சந்து திறந்ததா, யார் திறக்கவில்லை, திறந்தும் பையன் ஏன் வெளியே போனான் என்று மூன்றும் ஒரே பார்வையில் தெரியும். எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுத்தால் ஹோல்டிங், பத்து யார்டு தண்டனை. பந்து அசையுமுன் அசைந்தால் ஐந்து. இந்த வயதில் இரண்டுமே முதல் அடி தாமதமானதின் அறிகுறிகள். தாமதமானவன் சட்டையைப் பிடிக்கிறான், தாமதத்துக்குப் பயந்தவன் முந்திக்கொள்கிறான்.

டைவ் கைவந்த பிறகு அதன் தம்பி தங்கைகள் எளிது. துடிப்பாக உள்ளே பாய்கிற எதிராளியை வேண்டுமென்றே விட்டுவிட்டு, மறுபக்கக் கார்டு குறுக்கே வந்து பக்கவாட்டில் தள்ளினால் அது டிராப், அதாவது பொறி. கொடுப்பதுபோல் பாவனை செய்துவிட்டுக் குவார்ட்டர்பேக் எறிந்தால் அது பிளே ஆக்‌ஷன். ஆனால் டைவில் மூன்று யார்டு கிடைக்காத அணியின் பாவனையை யார் நம்புவார்கள்? முதல் சீசனில் நான்கைந்து ஆட்டமுறை போதும். முப்பது ஆட்டமுறைகளை அச்சடித்துப் பிளாஸ்டிக் உறை போட்டுக் கொண்டுவந்த ஒரு கோச்சோடு ஒரு சீசன் வேலை செய்தேன். பையன்களுக்கு எண்கள் மட்டும் தெரிந்தன, கால் எங்கே என்று தெரியவில்லை.

எங்கள் வலது கார்டு அதிகம் பேசாத பையன். டச்டவுன் விழுந்ததையே பெற்றோர் கத்துவதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்வான், அந்த நேரத்தில் அவன் முகம் யாரோ ஒருவன் சட்டைக்குள் இருக்கும். போன அக்டோபரில் ஓர் ஆட்டத்தில் 32 தொடர்ந்து நான்கு யார்டு, மூன்று யார்டு, நான்கு யார்டு என்று கொடுத்துக்கொண்டிருந்தது. திடீரென்று ஒன்றுமே கிடைக்கவில்லை. அவனைக் கூப்பிட்டு, “உனக்கு எதிர்ல என்ன மாறிச்சு?” என்று கேட்டேன். ஒரு கணம் யோசித்துவிட்டுச் சொன்னான்: “டாக்கிளுக்கு எதிர்ல நின்னவன் எனக்கும் சென்டருக்கும் நடுவுல வந்து நிக்கிறான், கோச். நான் அவனைத்தான் தள்றேன். எனக்கு அந்தப் பக்கம் யாருமே இல்ல.”

அடுத்த டவுனுக்கு 34 அனுப்பினோம்.